அம்மாவின் நோட்டு: செபமாலைக்கு வரும் எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் மதினிமார்களுக்கும் சின்னம்மாமார்களுக்கும்,



அம்மா போய் வருகிற மாதம் ஒரு வருஷம் ஆகிறது. ஆண்டு நினைவுப் பூசைக்கு அட்டை அடிக்க வேண்டும், நாலு வரி எழுதித் தா என்று கேட்டிருந்தீர்கள். "நீதான் டீச்சராச்சே, ஒனக்கு என்ன கஷ்டம்" என்றும் சொன்னீர்கள். அச்சகத்தார் கொடுத்த மாதிரி அட்டைகளைப் பார்த்தேன். 'அன்பான மனைவி, பாசமிகு தாய், பக்தியுள்ள பாட்டி' என்று எல்லா அட்டையிலும் ஒரே வரிதான். படத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மாவிடம் அதைக் காட்டியிருந்தால், "இது யாருட்டி?" என்று கேட்டிருப்பாள்.

மூன்று வாரமாக உட்கார்ந்து பார்த்தும் நாலு வரி வரவில்லை. வந்தது இந்த மடல்தான். ஒரு காரியமும் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடக்கத்துக்கு வேண்டியதையெல்லாம் அம்மா தகரப்பெட்டியில் தானே எடுத்து வைத்திருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளைச் சேலை, உத்தரியம், மெழுகுதிரி, அப்பாவின் ஜெபமாலை. அன்று அவசரத்தில் மேலே இருந்ததை மட்டும் எடுத்துக் கொடுத்தோம். ஏழாம் நாள் திரும்பத் திறந்தபோது அடியில் ஒரு உறை இருந்தது. உள்ளே ஆயிரம் ரூபாய். 'குழி வெட்டுறவருக்கு. கோயில்ல குடுக்கிறது போக' என்று மேலே எழுதியிருந்தாள். ஏழு நாள் தாமதமாகப் போய்க் கொடுத்தேன். உறைக்கும் கீழே ஒரு நீள நோட்டு.

முன்பக்கத்திலிருந்து புரட்டினால் அது சீட்டுக் கணக்கு. உங்களில் பாதிப் பேர் அந்தச் சீட்டில் இருந்தவர்கள். வாரம் இருபது ரூபாயில் தொடங்கிய குலுக்கல் சீட்டு. அப்பா தோணியில் தண்டல். கொழும்புக்கும், பிறகு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போவார். போனால் எப்போது வருவார் என்று காற்றுக்குத்தான் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் தோணி கரையில் கிடக்கும். தோணி கிடந்தால் வீட்டில் உலையும் கிடக்கும். எங்கள் நாலு பேர் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் சீருடையையும் பார்த்துக்கொண்டது அந்தச் சீட்டும், அம்மா பின்னிக் கொடுத்த வலையும்தான். "அவ செபத்தாலதான் குடும்பம் நின்னுச்சு" என்று அடக்கத்தன்று நீங்கள் சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை. செபத்தாலும் நின்றது. கணக்காலும் நின்றது. ஐந்தாம் வகுப்போடு நின்ற பெண்ணின் நோட்டில் நாற்பது வருஷத்துக்கு ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புரட்டினால் இன்னொரு கணக்கு. முதலில் எனக்குப் புரியவில்லை. ஒன்றிலிருந்து ஐம்பத்து மூன்று வரை எண் போட்டு, எண்ணுக்கு எதிரே ஆள். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எண் இல்லாமல் கொஞ்சம் பேர். சிலர் மேல் கோடு கிழித்திருந்தது. இரண்டு மூன்று பக்கம் போன பிறகுதான் பிடிபட்டது. ஜெபமாலையில் அருள் நிறைந்த மந்திரம் சொல்லும் மணிகள் 53. அம்மா மணிக்கு ஒருவர் வைத்திருந்தாள்.

காய்ச்சல் விட்டதும், வேலை கிடைத்ததும், தோணி கரை வந்ததும் அந்த ஆள் மேல் கோடு விழும். காத்திருக்கிறவர்களில் முதல் ஆள் அந்த மணிக்கு ஏறுவார். சீட்டு எடுத்தவள் போக மிச்சப் பேருக்குக் குலுக்குவது போலத்தான். இறந்தவர்களுக்குத் தனிப் பக்கம். அதில் யார் மேலும் கோடு கிடையாது.

உங்களுக்கும் அதில் இடம் இருக்கிறது, பயப்படாதீர்கள். அம்மா பெயர் எழுதியது குறைவு, அடையாளம்தான் எழுதுவாள். 'மாடி வீட்டு மருமக, ரெண்டாம் பிரசவம்.' 'பால்காரர், இந்து, முட்டுவலி.' 'பாய் கடைக்காரர் மகன், பரீட்சை.' 'சீட்டுக் கட்டாம ஓடிப்போனவ, நல்ல புத்தி.' இந்தக் கடைசி ஆள் மட்டும் பதினொரு வருஷம் அதே மணியில் இருந்திருக்கிறாள். அவள் வந்து பணத்தைக் கட்டினாளா என்று பார்க்க நோட்டை முன்பக்கம் திருப்பினேன். கட்டவில்லை. பின்னே கோடு எப்படி விழுந்தது என்றால், செத்துப்போய் இறந்தவர்கள் பக்கத்துக்குப் போயிருக்கிறாள். கடன் தொகையும் பக்கத்தில் எழுதி, அதன் மேல் ஒரு சிலுவை போட்டிருக்கிறது. தள்ளுபடி.

இறந்தவர்கள் பக்கத்தை வாசிக்க எனக்குப் பல நாள் ஆயிற்று. 'பேர் தெரியாத ஆள், கரை ஒதுங்கினது' என்று மூன்று இடத்தில் இருக்கிறது. 'கிறிஸ்மசுக்கு மறுநாள் போனவங்க எல்லாரும்' என்று ஒரு வரி. அது 2004 சுனாமி. அன்று மணப்பாடு, மணக்குடி, குளச்சல் என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அம்மா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கும். '2017, ஒக்கிப் புயல், கன்னியாகுமரிப் பக்கம்' என்று ஒரு வரி. அடுத்து ஒரு முழுப் பக்கம்: ஒன்று முதல் பதின்மூன்று வரை எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் பேரோடு ஊரும் வயதும். 2018 மே மாதம் நம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 13 பேர். அந்தப் பக்கத்தில் மட்டும் அடையாளம் போதாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பேப்பரைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். அதில் யார் வேதக்காரர், யார் இல்லை என்ற குறிப்பு எதுவும் இல்லை.

ஒரு முறை நம் பங்குச் சாமியாருக்கு இந்தப் பழக்கம் தெரியவந்தபோது அவர் சிரித்துக்கொண்டே, "இப்படி ஒவ்வொரு ஆளா சொல்லணும்னு இல்லம்மா, ஆண்டவருக்குத் தெரியாதா?" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா சொன்னாள்: "அவருக்குத் தெரியும் சாமி. எனக்கு மறந்துருமே."

அன்று அதை அம்மாவின் வெகுளித்தனம் என்று நினைத்தேன். இந்த நோட்டைப் படித்த பிறகுதான் அந்தப் பதிலின் கனம் தெரிகிறது. நாம் செபம் என்பதை மேலே ஏறிப் போகிற ஒன்றாகவே நினைத்துப் பழகியிருக்கிறோம்: வேண்டுதல் போகும், வரம் இறங்கும். அம்மாவுக்குச் செபம் மறக்காமல் இருப்பதற்கான வேலை. காலை நாலரை மணிக்கு எழுந்து 53 பேரை ஒருவர் விடாமல் நினைத்துவிட்டு அடுப்பு மூட்டுகிறவளுக்கு, அன்று யார் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும், யாரிடம் சீட்டுப் பணம் கேட்கக் கூடாது என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை. அவளுடைய பக்தியும் கணக்கும் ஒரே நோட்டில் இருந்தது காகிதச் சிக்கனத்துக்காக இல்லை.

அதற்காக அவளை நாம் சுரூபமாக்கி மாடத்தில் வைத்துவிட வேண்டாம். அம்மாவோடு வாழ்வது சுலபமாக இருந்ததில்லை.

அப்பாவுக்குக் கோயில் என்றால் கோயிலுக்கு வெளியே உள்ள வேப்பமர நிழல்தான். ஞாயிறு பூசை முழுக்க மற்ற ஆண்களோடு அங்கே நிற்பார். நன்மை வாங்கும் நேரத்தில் உள்ளே எட்டிப் பார்ப்பார். அம்மா அதைக் கல்யாணமான நாளிலிருந்து திட்டியிருக்கிறாள். கரையில் இருக்கும் மாதங்களில் அப்பா குடிப்பார். அதற்கும் சண்டை. நீங்கள் சுவர் வழியாகக் கேட்டிருப்பீர்கள். ஆனால் தோணி புறப்படுகிற அன்று அவர் உடுப்பு மடிப்புக்குள் ஒரு ஜெபமாலையை வைத்து அனுப்புவாள். அவர் அதை எடுத்துச் சொன்னாரா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் இறந்த பிறகு அந்த மாலையைப் பார்த்தேன். மணியெல்லாம் மழமழவென்று தேய்ந்து கிடந்தது. அம்மா கையோடு குழிக்குள் போனது அதுதான்.

2013இல் தஸ்நேவிஸ் என்னும் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் ஓடியபோது அப்பா வடம் பிடித்தார். கோயிலுக்குள் வராத மனுஷன் வேர்த்து விறுவிறுக்க முன்வரிசையில் இழுத்ததை அம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். அடுத்து 2023இல்தான் தங்கத்தேர் ஓடியது. அப்போது அப்பா இல்லை. எண்பதை நெருங்கிய அம்மாவைப் பேரன் நாற்காலியோடு கொண்டுபோய்த் தெருமுனையில் உட்கார வைத்தான். வடம் அவள் பக்கமாக வந்தபோது எழுந்து இரண்டு விரலால் தொட்டாள். "இது அவரு பங்கு" என்றாள். 1806இல் முதன்முதலாக ஓடிய தேர் என்று மைக்கில் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா கணக்கில் அது இரண்டே முறைதான் ஓடியிருக்கிறது: அவர் இழுத்தபோது ஒன்று, அவர் இல்லாதபோது ஒன்று.

மாதாவோடு அவளுக்கு இருந்த உறவை எந்த அட்டையில் எழுதுவது? 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்த சுரூபம் என்று உபதேசியார் சொல்லிக் கொடுத்ததை அம்மா தன் வழியில் பிடித்துக்கொண்டாள். "அவளும் கப்பல்ல வந்தவதான். தோணிக்காரன் பொண்டாட்டி பாடு அவளுக்குத் தெரியும்" என்பாள். ஆகஸ்ட் வெயிலில் திருவிழா கொண்டாடும் பனிமய மாதாவைப் பற்றி, "பனியும் இல்ல ஒண்ணும் இல்ல, இங்க வெள்ளையா கெடக்கது உப்புதான். ஆனாலும் நம்மள விட்டுப் போவலியே" என்பாள். பக்கத்து வீட்டு மூத்த அக்காவிடம் பேசுகிற பேச்சு அது.

அதனால்தான் கோபமும் வந்தது. அப்பா இறந்ததும் அம்மா காலைப் பூசைக்குப் போவதை நிறுத்தினாள். ஜெபமாலை ஆணியில் தொங்கியது. நோட்டிலும் அந்த நாட்களில் ஒரு பதிவும் இல்லை. நீங்கள் உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தீர்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். உண்மை என்னவென்றால், "எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்ல" என்று மாதா படத்தைக் காட்டி என்னிடம் சொன்னாள். இருபத்தாறாம் நாள் என்று நினைக்கிறேன், நம் தெருவில் ஒரு வள்ளம் இரண்டு நாளாகக் கரை திரும்பவில்லை. அந்த வீட்டில் ஜெபமாலை சொல்ல நீங்கள் அம்மாவைக் கூப்பிட வந்தீர்கள். நான் வாசலிலேயே தடுத்துவிட நினைத்தேன். அம்மா உள்ளேயிருந்து ஆணியில் கிடந்த மாலையை எடுத்துக்கொண்டு வந்தாள். "சண்டை என்னோடது. அவ புருஷன்லா கடல்ல கெடக்கான்" என்று சொல்லிச் செருப்பை மாட்டினாள். என்ஜின் பழுதாகி மிதந்த வள்ளம் மூன்றாம் நாள் கரை வந்தது. அம்மா அதைத் தன் செபத்துக்குக் கிடைத்த பலன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மாதாவோடு சமாதானம் ஆகிவிட்டது என்றும் சொல்லவில்லை. மறுநாள் நாலரைக்கு எழுந்துவிட்டாள், அவ்வளவுதான்.

பேரப்பிள்ளைகள் விஷயத்திலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் குருத்தோலையில் சிலுவை முடையச் சொல்லிக் கொடுத்தவள். புதுநன்மை வாங்கிய பிள்ளைகளுக்கு மக்ரூன் டப்பா ஒளித்து வைத்துக் கொடுத்தவள். அதே பாட்டி, என் மகள் இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது எட்டு மாதம் அவளோடு பேசவில்லை. என் மகள் இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பிப் போனாள். உங்களில் சிலர் அம்மாவுக்குப் புத்தி சொன்னீர்கள். சிலர் அம்மா பக்கம் நின்றீர்கள். எனக்கு இரண்டும் மறக்கவில்லை.

நோட்டில் அந்த மாதப் பக்கத்தைத் தேடினேன். 'எதிர்வீட்டுக் கண் ஆபரேஷன்' என்ற பதிவுக்கும், 'கடைசித் தம்பி, துபாய் விசா' என்ற பதிவுக்கும் நடுவில், 'பேத்தி மாப்பிள்ளை' என்று இருக்கிறது. அந்த ஆபரேஷனும் விசாவும் ஒரே வாரத்தில் நடந்தவை. கல்யாணம் நடந்த வாரம். முப்பத்தேழாம் மணி. பேத்தியோடு பேசாமல் இருந்த எட்டு மாதமும் அந்தப் பையனுக்காகத் தினமும் ஒரு மணி உருட்டியிருக்கிறாள். இதைப் புகழவா, திட்டவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆண்டவரிடம் பேசியதில் ஒரு வார்த்தையை என் மகளிடம் பேசியிருக்கலாம். நோட்டைக் காட்டியபோது என் மகள் அழுதாள், பிறகு, "இத அப்பவே சொல்லியிருந்தா என்ன ஆச்சி?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டாள். நியாயமான கேள்வி. மறக்காமல் இருப்பது மட்டும் போதாது என்பதையும் அம்மாவிடமிருந்தே படிக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொல்லிச் சிரிக்கிற கதைக்கும் வருகிறேன். பெரிய வியாழன் பூசையில் சாமியார் கால் கழுவும் பன்னிரண்டு பேரும் ஆண்களாகவே இருந்த காலம் நமக்கெல்லாம் தெரியும். 2016இல் போப் பிரான்சிஸ் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியை மாற்றினார். அதற்குப் பிறகு வந்த ஒரு பெரிய வியாழனில் நம் சாமியார் அம்மாவையும் உட்காரச் சொன்னார். மூன்று நாள் தேங்காய் நாரும் கல்லும் வைத்துக் குதிகால் வெடிப்பைத் தேய்த்தாள். "சாமியார் கழுவத்தான போறாரு, நீ ஏன் கழுவுற?" என்று கேட்டால், "அவரு பாவத்தக் கழுவட்டும், அழுக்க நானே கழுவிக்கிடுவேன்" என்றாள். பூசை முடிந்து வந்ததும் பெருமை பேசவில்லை. நோட்டில் ஒரு வரிதான் ஏறியது: 'சாமியார். குனிஞ்சு எந்திரிக்க முடியல. இடுப்பு.' உங்கள் எல்லாருக்கும் அது கோயில் மரியாதை. அம்மா பார்த்தது இடுப்புவலிக்காரரை.

கடைசி இரவும் உங்களுக்குத் தெரியும். சாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனபின், நீங்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொன்னீர்கள். அம்மாவுக்குப் பேச்சு நின்று ஒரு நாள் ஆகியிருந்தது. நாலாவது பத்தில் யாரோ அழுகையில் எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள். பதினொன்றாம் மணி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் பெருவிரல் அசைவதை நிறுத்திவிட்டு அப்படியே காத்திருந்ததை நான் பார்த்தேன். நீங்கள் ஐந்தாம் பத்துக்கு வந்ததும் விரல் திரும்ப அசைந்தது. அந்த அறையில் அம்மாவைத் தவிர யாரிடமும் சரியான எண்ணிக்கை இல்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஒரு வருஷமாக நீங்கள் அம்மாவின் ஆத்துமத்துக்காக ஜெபமாலை சொல்லிவருகிறீர்கள். நன்றி என்று ஒரு வார்த்தையில் அதைத் தீர்க்க முடியாது. ஆனால் ஐம்பத்து மூன்று மணியையும் ஒரே ஆளுக்குக் கொடுப்பதை அம்மா ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். "எனக்கு ஒரு மணி போதும்ட்டி, மிச்சத்த யாருக்குக் குடுத்தீங்க?" என்று கணக்குக் கேட்பாள்.

ஆகவே அட்டை வேண்டாம். அதற்கு ஒதுக்கிய பணத்தைக் குழி வெட்டுகிறவருக்குக் கொடுத்துவிடுவோம். அவர் மகள் நர்சிங் படிக்கிறாள், நோட்டில் நாற்பத்தோராம் மணி. நோட்டை உங்களிடம் தருகிறேன். சீட்டுக் கணக்குப் பக்கம் முடிந்துபோன கணக்கு, அதை நூல் கட்டி மூடிவிட்டேன். பின்பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு வீடு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களும் வரட்டும், வேப்பமர நிழல் எங்கேயும் போய்விடாது. பெயர் எழுதும்போது சாதி, வேதம் எழுத வேண்டாம். கோடு கிழிக்கும் முன் அந்த வீட்டுக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுக் கிழியுங்கள். அம்மா தவறவிட்டதை நாம் தவறவிட வேண்டாம்: யாருக்காகச் சொல்கிறோமோ அவர்களோடு பேசிவிடுங்கள்.

இறந்தவர்கள் பக்கத்தில் அம்மாவையும் எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கு அடுத்த வரி காலியாக விட்டிருந்தாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, அப்பாவுக்குப் பிறகு நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். வரிசைப்படி அவள் அந்த மாதம் இறந்த மீன்கூடைக்காரிக்கும் ஆட்டோக்காரருக்கும் நடுவில் வருகிறாள். 'தண்டல் வீட்டம்மா' என்று மட்டும் எழுதினேன்.

ஞாயிறு சாயங்காலம் ஆறரைக்கு என் பேரன் நோட்டை எடுத்துக்கொண்டு முனை வீட்டுக்கு வருவான். இன்று காலைக் கணக்குப்படி பதினாறு மணி காலியாக இருக்கிறது. வரும்போது யாருக்கு என்று யோசித்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தண்டல் வீட்டு மூத்த மகள்
தூத்துக்குடி